ஹலேயாகலா மலைச்சரிவில் நேனே

ஜனவரி மாதக் காலையொன்றில், ஹவாயின் மாவி தீவிலுள்ள ஹலேயாகலா தேசியப் பூங்காவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் புதர்களுக்கிடையே மேய்ந்துகொண்டிருந்த இரண்டு பறவைகளைக் கண்டதும், கனடா வாத்துகளோ என்றே முதலில் ஐயுற்றேன். கருந்தலையும் கரிய அலகும் அப்படி மயங்க வைத்தன. இரண்டும் நெருங்கிய உறவினங்கள்தாம். தொலைநோக்கியில் கழுத்து தெளிந்தபோது ஐயம் நீங்கியது. கனடா வாத்தின் கழுத்து முழுக் கருமை. இதன் கழுத்தோ வெளிர்பழுப்பு, அதில் உழுத சால்களைப் போலச் சாய்வாக ஓடும் கரிய வரிகள். ஹவாயின் மாநிலப் பறவையான நேனே அதுதான்.

அதன் பாதங்களையே நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களை இணைக்கும் சவ்வு மற்ற வாத்துகளுக்கு உள்ளதைவிடச் சிறுத்து, விரல்கள் நீண்டு, உறைந்த எரிமலைக் குழம்பின் கரடுமுரடான பாறைமீது நடப்பதற்கேற்ப மாறியிருக்கின்றன. நீரைப் பெரிதும் நம்பாமல் புல், இலை, காட்டுப் பழங்களை உண்டு வாழும் இப்பறவை, குளிர்காலத்தில் தரையிலேயே கூடு கட்டுகிறது. குஞ்சுகள் வளரும் பருவத்தில் பெற்றோர் சிறகிறகுகளை உதிர்த்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் பறக்க இயலாமல் இருக்கும். கீரியும் பூனையும் எலியும் மனிதரால் கொண்டுவரப்பட்ட தீவில், இந்த வாழ்முறையே அதற்கு வினையாயிற்று.

1950-களின் தொடக்கத்தில் காட்டில் எஞ்சியவை சுமார் 30 மட்டுமே. மாவியில் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பறவையியலாளர் பீட்டர் ஸ்காட் நிறுவிய நீர்ப்பறவை மையத்திலும் ஹவாயிலும் வளர்த்துப் பெருக்கப்பட்டவற்றை, 1962-இல் சாரணச் சிறுவர்கள் முதுகுப்பைகளில் சுமந்து இந்த ஹலேயாகலா எரிமலையின் பள்ளத்துக்குள் கொண்டு சென்றார்களாம். அந்தச் சிறுவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. 2019-இல், காட்டில் 2,800-க்கும் மேற்பட்டவை இருந்த நிலையில், அமெரிக்க அரசின் அழியும் நிலையிலுள்ளவை என்ற பட்டியலிலிருந்து ஒருபடி தாழ்ந்த அச்சுறுத்தல் நிலைக்கு நேனே மாற்றப்பட்டது.

ஒன்று மேய, மற்றது தலை நிமிர்த்திக் காவல் நின்றது. ஆணும் பெண்ணும் ஒரே நிறம் என்றாலும், காத்து நின்றதே ஆணாக இருக்கும் என்று கருதினேன். இப்போது இவற்றைக் கொல்பவற்றில் வாகனங்களும் உண்டு. உணவு கொடுத்துப் பழக்குவோரால் அவை சாலையோரம் வருகின்றன என்பது எனக்குப் பெரும் வருத்தம். சற்றுநேரத்தில் அவ்விரண்டும் “நே, நே” என்று மெல்லக் குரல் கொடுத்தபடி தார்ச்சாலையில் இறங்கின. அவை மறுபுறப் புதருக்குள் மறையும்வரை, வண்டியை நகர்த்தாமல் காத்திருந்தேன்.