முப்பந்தல் காற்றில் நால்வர்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு செல்லும் பேருந்தில், தோவாளையைத் தாண்டியபின் சன்னலோரம் அமர்ந்து பார்த்தால் போதும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் எந்தக் காற்றுக்காக நிற்கின்றனவோ, அந்தக் காற்றுதான் சென்ற வார இறுதியில் எங்கள் சைக்கிள் பந்தயத்தின் முடிவையும் எழுதியது.

நாங்கள் நால்வர் ஓர் அணி. குளச்சல் அக்கா உடற்கல்வி ஆசிரியை, தக்கலைத் தங்கைகள் இருவரும் கல்லூரி மாணவிகள், வங்கியில் கணக்குப் பார்க்கும் நான் நான்காமவள். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைக்கான திட்டத்தை அக்கா ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்: "முப்பந்தல் திருப்பத்துக்கு முன்னால நாம நாலு பேரும் முன்னுக்கு இருக்கணும், அவ்வளவுதான்."

அதற்கு முன் சனிக்கிழமை தனிநபர் நேரப்பந்தயம் இருந்தது. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கன்னியாகுமரிப் பக்கமிருந்து கடற்கரைச் சாலையில் 10 கிலோமீட்டர் மேற்கே போய்த் திரும்ப வேண்டும். யாருடைய பின்னாலும் ஒதுங்கிக் காற்றுக்குத் தப்பக் கூடாது. 2004 ஆழிப்பேரலை பழைய பாலத்தை அடித்துச் சென்றபின் மணக்குடியில் கட்டப்பட்ட பாலத்தின் மீது ஏறியபோது, பழையாற்று முகத்துவாரத்தின் வெட்டவெளியில் காற்று என் முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பப் பார்த்தது. போகும்போது மணிக்கு 24 கிலோமீட்டரும் திரும்பும்போது 40 கிலோமீட்டரும் ஓட்டினேன். இரண்டுக்கும் நடுவே 32 என்று மனம் கணக்குப் போடும். ஆனால் போக 25 நிமிடம், வர 15 நிமிடம், ஆக மொத்தம் 40 நிமிடத்தில் 20 கிலோமீட்டர் என்றால் சராசரி 30தான். எதிர்காற்றில் நாம் கூடுதல் நேரம் கிடப்பதால், அங்கே இழந்ததைப் பின்காற்று ஒருபோதும் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை. வட்டிக் கணக்குப் பார்க்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் ஆரம்பத்திலேயே வேகமாக ஓட்டி, பாலத்துக்கு முன்பே மூச்சைச் செலவழித்துவிட்டேன். அக்கா மூன்றாவதாக வந்தார். நான் எத்தனையாவது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

சனிக்கிழமைத் தூரம் ஆண்களுக்கும் எங்களுக்கும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைச் சாலைப் பந்தயத்தில் அவர்களுக்கு 80 கிலோமீட்டர், எங்களுக்கு 48. அதிலும் அவர்கள் காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிட, வெயிலும் காற்றும் ஏறியபின் ஒன்பது மணிக்கு எங்களை விட்டார்கள். நடத்தியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாகச் சாலைப் பந்தயமே கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நேரப்பந்தயம் இருபாலருக்கும் 32.4 கிலோமீட்டர் என்று சமமாக இருக்க, சாலைப் பந்தயம் ஆண்களுக்கு 273, பெண்களுக்கு 158 என்றே இருந்தது. எங்கள் 48ஐ 80 ஆக்கியிருந்தால் நான் முடித்திருப்பேனா என்பது வேறு விஷயம்; கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இருபத்துமூன்று பேர் புறப்பட்டோம். தோவாளையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கடந்துவிட்டோம், ஏனெனில் அதுவரை காற்று முதுகைத் தள்ளியது. எல்லோரும் ஒரே கூட்டமாகப் போனோம். சாதாரணமாக முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். ஆனால் முப்பந்தல் திருப்பத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே பிரியும் கிளைச்சாலையில் காற்று வலப்புறமிருந்து அடிப்பதால், அந்த மறைவு நேர் பின்னால் கிடைப்பதில்லை. சற்றே இடப்பக்கம் சாய்ந்து பின்னால் விழுகிறது. எனவே ஒருவருக்குப் பின் ஒருவராக அல்லாமல், மாலையில் தேரூர்க் குளத்துக்குத் திரும்பும் பறவைகளைப் போலச் சாய்வரிசையில் ஓட்ட வேண்டும். இதை எஷலான் என்பார்கள்.

இங்கேதான் அக்காவின் திட்டம் வேலை செய்தது. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் சாலையின் இடப்பாதிக்குள்தான் ஓட்டலாம் என்பது விதி. அந்தப் பாதி அகலத்தில் நான்கு பேருக்குத்தான் சாய்வரிசை அமையும். நடுக்கோட்டை ஒட்டிக் காற்றை வாங்க நான், எனக்கு இடப்பின்னால் தங்கைகள், கடைசியில் அக்கா என்று நிரப்பிவிட்டோம். ஐந்தாவதாக வந்தவருக்கு மறைவே இல்லை. மணல் படிந்த விளிம்பில் முழுக்காற்றையும் வாங்கிக்கொண்டு அவர் அக்காவின் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினார், அவருக்குப் பின்னால் எல்லோரும் அப்படியே. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நிற்க முடியாமல் நான் பின்வாங்க, பெரிய தங்கை என் இடத்துக்கு வந்தாள். மூன்று கிலோமீட்டருக்குள் எங்களோடு மிஞ்சியவர்கள் மூவர் மட்டுமே.

திரும்பும் வழியில் உடைமுள் ஒன்று சின்னத் தங்கையின் டயரில் ஏறியது. மாற்றுச் சக்கரம் இருந்த வண்டி பின்னால் சிதறிய கூட்டத்தோடு வந்துகொண்டிருந்ததால், அது வரும்வரை அவள் ஒரு பனைமரத்தடியில் நின்றாள். சட்டையின் பின்பையில் இருந்த நாலு மட்டிப்பழங்களையும் அங்கேயே தின்று தீர்த்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டாள். நெடுஞ்சாலையில் எதிர்காற்று. அக்காவின் கால்கள் கடைசி இருநூறு மீட்டருக்குத் தேவை என்பதால், தங்கையும் நானுமே மாறி மாறி முன்னால் நின்றோம். எல்லைக்கோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது என் தொடைகள் பேச்சைக் கேட்காமல் போயின. கூட்டம் என்னை விட்டுப் போனது, பின்னால் துரத்தி வந்தவர்களும் கடந்து போனார்கள், நான் பதினொன்றாவதாக வந்தேன். அக்கா அரைச் சக்கர அளவில் முதலிடத்தை இழந்து இரண்டாவதாக வந்தார்.

பரிசுப் பணத்தை நாலாகப் பங்கிட்டோம். கிழிந்த டயருக்கான விலையை மட்டும் முதலில் எடுத்து வைத்தோம். குளச்சல் பேருந்தில் சைக்கிளை ஏற்றிக் கட்டும் அவசரத்தில் அக்கா கப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "எத்தனையாவது வந்த மக்களே?"

"பதினொன்னு."

"பின்ன இது யாருக்க கப்பு?"

"குளச்சல் அக்காவுக்க கப்பு."

அம்மா அதை ஒருமுறை புரட்டிப் பார்த்து, புடவைத் தலைப்பால் துடைத்து, அரிசிப் பானைமேல் வைத்தாள். புதன்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.