கரை உச்சியும் கல்வெர்ட்டும்: நீர்வளப் பணியில் வான்வழி லைடார்

லைடார் என்பது விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பித் தரையின் உயரத்தை அளக்கும் முறை. அதன் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போவது ஒரே எண்ணுக்குத்தான்: உயரத் துல்லியம். பிழையின் சராசரி அளவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ்.இ. 10 செ.மீ.க்குள் இருக்கிறதா, சரி, வேலை முடிந்தது. நீர்வளப் பணிக்காக இந்தத் தரவோடு புழங்குகிறவர்கள் அந்த எண்ணை அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. எண்ணில் பொய் இல்லை. ஆனால் அதைச் சோதித்த இடங்கள் தார்ச்சாலை, வெட்டவெளி, புல் வெட்டிய திடல். தண்ணீர் தேங்குவதையும் திரும்புவதையும் உடைத்துக்கொண்டு போவதையும் முடிவு செய்பவை வேறு இடங்கள்: கரையின் உச்சி, மிகைநீர் வழியும் கலிங்கின் மேல்விளிம்பு, சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட்டு, கோரை மண்டிய வாய்க்கால். மொத்தப் பரப்பில் இவை மெல்லிய கோடுகள். லைடார் அதிகம் தடுமாறுவதும் இந்தக் கோடுகளில்தான். கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் வழியும். மற்ற இடமெல்லாம் எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் சரி.

கருவியின் அடிப்படை எளிது. லேசர் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ நொடி பிசகினால் தூரத்தில் 15 செ.மீ. பிசகும். விமானம் 1000 மீ. உயரத்தில் பறந்து, கற்றையின் விரிவு 0.5 மில்லிரேடியன் என்றால் தரையில் விழும் ஒளிப்பொட்டு அரை மீட்டர் அகலம். சதுர மீட்டருக்கு 2 புள்ளி என்று ஒப்பந்தத்தில் எழுதினால் புள்ளிக்கும் புள்ளிக்கும் சராசரி இடைவெளி சுமார் 70 செ.மீ. உச்சி அரை மீட்டர்கூட அகலமில்லாத வரப்பை இதில் தேடிப் பயனில்லை. புள்ளி அதன் உச்சியில் விழுந்தால் அதிர்ஷ்டம். வரப்பும் சிறுவாய்க்காலும் தெரிய வேண்டுமென்றால் 8 புள்ளிக்குக் குறைவாகக் கேட்பது வீண் செலவு.

தரவு வந்ததும் முதல் வேலை, பறப்புப் பட்டைகள், அதாவது விமானம் ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அளந்த நீண்ட துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது. லேசரை வீசும் ஸ்கேனருக்கும் விமானத்தின் சாய்வை அளக்கும் ஐ.எம்.யு.வுக்கும் இடையிலான கோணச் சரிக்கட்டலில் பக்கவாட்டுச் சாய்வு வெறும் 0.01 பாகை தவறினால், 1000 மீ. உயரத்தில் நேர்க்கீழிலிருந்து 20 பாகை விலகிய விளிம்பில் உயரம் 6 செ.மீ.க்கு மேல் மாறிவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடுத்தடுத்த பட்டைகளை எதிரெதிர்த் திசையில் பறந்திருந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இரண்டுமே ஒரே பக்கம் உயர்ந்திருக்கும் அல்லது தாழ்ந்திருக்கும். அப்போது பட்டைகளுக்கு இடையிலான வித்தியாசம் பூச்சியமாகத் தெரியும். அறிக்கை அழகாக இருக்கும். பிழை மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் எல்லாப் பட்டைகளையும் செங்குத்தாக வெட்டும் ஒரு குறுக்குப் பறப்பாவது வேண்டும் என்று அடம்பிடிப்பது. தட்டையான வெள்ளச் சமவெளியில் வரைந்த வடிகால் கோடுகள் பறப்புப் பாதைக்கு இணையாகவே ஓடினால், அது நிலத்தின் சரிவு இல்லை, பட்டையின் சரிவு.

எப்போது பறப்பது என்பதைப் பெரும்பாலும் விமானம் கிடைக்கும் தேதி முடிவு செய்துவிடுகிறது. அது நீர்மட்டத்தின் முடிவாக இருக்க வேண்டும். நிலப்பரப்பு லைடாரில் வழக்கமான 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி தண்ணீருக்குள் போகாது. கொஞ்சம் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்படும், கொஞ்சம் கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறிக்கும், நேர்க்கீழே மட்டும் சில புள்ளிகள் திரும்பும். நீர்த்தேக்கம் பாதி நிறைந்திருக்கும்போது பறந்தால் பாதிக் கொள்ளளவு தெரியாமலே போய்விடும். பயிர் அறுவடை முடிந்து, இலை உதிர்ந்து, நீர்மட்டம் அடியில் கிடக்கும் சில வாரங்கள்தான் சரியான காலம். நெருக்கமாக வளர்ந்த நெற்பயிரும் நாணலும் ஒளியைத் தரைக்கு விடாது. மென்பொருள் பயிரின் நடுப்பகுதியையே தரை என்று எழுதிவிடும். வாய்க்காலின் அடிமட்டம் இரண்டு மூன்று சாண் உயர்ந்ததாகத் தெரிவது இப்படித்தான்.

பச்சை லேசர் இருக்கிறதே என்பார்கள். 532 நானோமீட்டர் ஒளி தண்ணீருக்குள் இறங்கும், உண்மை. ஆனால் எவ்வளவு ஆழம் என்பதைத் தண்ணீரின் தெளிவுதான் சொல்ல வேண்டும். வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்க்கும் செக்கி ஆழத்தைப்போல், கருவியைப் பொறுத்து, ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை எதிர்பார்க்கலாம். செக்கி ஆழம் அரை மீட்டரே உள்ள கலங்கல் ஏரியில் ஒன்றரை மீட்டருக்குக் கீழே ஒன்றும் கிடைக்காது. பறப்பதற்கு முன் ஒரு படகும் ஒரு தட்டும் ஒரு கயிறும் போதும், பெரும் செலவைத் தவிர்க்கலாம். தண்ணீருக்குள் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைவதையும் ஒளி வளைவதையும் கணக்கில் எடுக்காமல் விட்டால் ஆழம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும்.

கலங்கல் நீர்த்தேக்கத்துக்கு எங்கள் பரிந்துரை எப்போதும் பழைய கூட்டணிதான்: நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது லைடார், உயர்ந்திருக்கும்போது படகில் ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர். ஆழம் குறைந்த ஓரத்தில் படகு போகாது, தண்ணீருக்குள் லேசர் போகாது. இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்தால் நடுவில் கரையோரமாக ஒரு வெற்றுப் பட்டை விழுந்துவிடும். தாழ்ந்த மட்டத்திலும் உயர்ந்த மட்டத்திலும் தனித்தனியாக எடுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒரு பகுதி கிடைக்கும். அங்கே இரண்டு உயரங்களையும் ஒப்பிட்டு எது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடுத்தது தரைப்புள்ளி பிரித்தல்: எந்தப் புள்ளி தரை, எது மரம், எது கட்டடம் என்று மென்பொருளின் வடிகட்டிகள் பிரிப்பது. கரை கெடுவது இங்கேதான். செங்குத்தாக எழும் எதையும் கட்டடமென்றோ மரமென்றோ சந்தேகிக்கும்படிதான் வடிகட்டிகள் எழுதப்பட்டிருக்கின்றன. குறுகலான, செங்குத்துச் சரிவுள்ள கரையின் உச்சியை அவை துண்டு துண்டாக நறுக்கி வகை 1-இல், அதாவது வகைப்படுத்தாதவற்றில், போட்டுவிடும். திரையில் பார்த்தால் கரை வெடித்துக் கிடப்பதுபோல் இருக்கும். அந்த இடங்களில் சரிவு வரம்பைத் தளர்த்தித் திரும்ப ஓட்ட வேண்டும், அல்லது கையால் வகை 2-க்கு, அதாவது தரைக்கு, மாற்ற வேண்டும். கரைமீது அடர்ந்த முட்புதர் இருந்தால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும்: புதரே கரையாகிவிடும். நம்ப முடியாத அளவுக்குப் பாதுகாப்பான கரை அது.

புள்ளிகள் சரியாக இருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரே சராசரி உயரம் உள்ள சதுரக் கட்டங்களாக மாற்றும்போது கரை தாழ்ந்துபோகிறது. உச்சி 3 மீ. அகலம், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 5 மீ. கட்டத்தின் நடுவில் உச்சி சரியாக உட்கார்ந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் சரிவும் சேர்ந்து சராசரி 10 செ.மீ. குறையும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே எல்லைக்கோட்டில் உச்சி உட்கார்ந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டர்தான் உச்சி, மீதி மூன்றரை மீட்டர் சரிவு. குறைவு 61 செ.மீ. வரை போகும். கரை கட்டங்களுக்குக் குறுக்கே சாய்வாக ஓடுவதுதான் வழக்கம் என்பதால், இல்லாத பள்ளங்கள் உச்சியில் வரிசையாக வந்து நிற்கும். வெள்ளத்தின் போக்கைக் கணினியில் கணக்கிடும் வெள்ள மாதிரியில் அத்தனை பள்ளங்களிலும் தண்ணீர் வழியும். இதற்கு மருந்து கட்டத்தைச் சிறிதாக்குவது மட்டும் இல்லை. உச்சியின் வழியே ஒரு கோடு வரைந்து, கோட்டுக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்குள் இருக்கும் தரைப்புள்ளிகளில் உயர்ந்தவற்றை எடுத்து, அந்தக் கோட்டை முப்பரிமாண பிரேக்லைனாக, அதாவது சரிவு முறியும் விளிம்புக் கோடாக, மாதிரிக்குள் கொடுக்க வேண்டும். ஹெக்-ராஸ் போன்ற வெள்ளக் கணக்கீட்டு மென்பொருளில் கணக்கீட்டு வலையின் விளிம்பு அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்தால்தான் கரை கரையாக வேலை செய்யும். இல்லாவிட்டால் நிலவரை (தரை உயரங்களின் கட்ட வரைபடம்) எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பெரிய கண்ணி ஒன்று கரையின் இரு பக்கத்தையும் விழுங்கிவிடும். வெள்ளம் வந்த முதல் நிமிடத்திலேயே கரைக்கு மறுபக்கம் நனையும்.

கல்வெர்ட்டு இதற்கு நேர்மாறான தொல்லை. மேலிருந்து பார்க்கும் கருவிக்குச் சாலை தெரியும், சாலைக்கு அடியில் உள்ள குழாய் தெரியாது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் லைடார் விதிமுறையில் பாலத்தின் தளம் நிலவரையிலிருந்து நீக்கப்படும், கல்வெர்ட்டின் மேலுள்ள சாலை மண் அப்படியே விடப்படும். அது நியாயம்தான், அது மண். ஆனால் வடிகால் கணக்கில் ஒவ்வொரு சாலைக் கரையும் அணையாகிவிடும். பள்ளங்களை நிரப்பும் கட்டளையைக் கொடுத்தால் மென்பொருள் சாலையின் மேற்பரப்பு வரை தண்ணீரை நிரப்பி, சாலையின் தாழ்ந்த இடம் எங்கேயோ அங்கே வழியவிடும். ஓடை அடுத்த நீர்ப்பிடிப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நிரப்புவதற்குப் பதில் கரையை வெட்டி வழிவிடும் முறை இந்த இடங்களில் மேல். ஆனால் அதுவும் குழாய் இருக்கும் இடத்தில்தான் வெட்டும் என்ற உறுதி இல்லை.

நடைமுறை இது: நிரப்பிய பரப்பிலிருந்து நிரப்பாத பரப்பைக் கழித்து, சாலை அல்லது ரயில் பாதையை ஒட்டி 30 செ.மீ.க்கு மேல் ஆழம் காட்டும் பள்ளங்களை எல்லாம் பட்டியலிட வேண்டும். பட்டியலோடு களத்துக்குப் போய், குழாயின் விட்டம், மேல்முனை அடிமட்டம், கீழ்முனை அடிமட்டம், உள்ளே படிந்த வண்டலின் உயரம் நான்கையும் எடுக்க வேண்டும். பதிவேட்டில் 900 மி.மீ. என்றிருக்கும் குழாயில் பாதி வண்டலாக இருப்பது சாதாரணம். பிறகு நிலவரையை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்வது நல்லது. நீர்ப்பிடிப்பு எல்லை வரைய, வெட்டிய பிரதி. வெள்ள மாதிரிக்கு வெட்டாத பிரதி, அதில் கல்வெர்ட்டு தனிக் கட்டமைப்பாக. வெட்டிய பிரதியையே வெள்ள மாதிரிக்கும் கொடுத்தால் குழாய் இருந்த இடத்தில் திறந்த வாய்க்கால் இருக்கும். மேல்பக்கத் தேக்கம் குறைந்தும் கீழ்ப்பக்க வெள்ளம் மிகுந்தும் வரும். கால்வாயை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் தொட்டிப்பாலத்தைச் சாதாரணப் பாலம் என்று நினைத்து நீக்கிவிட்டால் கால்வாய்த் தண்ணீர் முழுவதும் கீழே ஓடும் ஆற்றில் கொட்டும். இதைத் திரையில் கண்டால் சிரிப்பு வரும், அறிக்கை அச்சாகிவிட்டால் வராது.

ஆற்றையும் ஏரியையும் தட்டையாக்கிக் கொடுப்பது இன்னொரு வழக்கம். அதே அமெரிக்க விதிமுறையில் 2 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்நிலையும் 30 மீ. அகலத்துக்கு மேற்பட்ட ஆறும் இப்படி ஆக்கப்படும். வரைபடம் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்தத் தட்டைப் பரப்பு பறந்த நாளின் நீர்மட்டம், ஆற்றின் படுகை இல்லை. அதைப் படுகையாகக் கொண்டு வெள்ளம் கணக்கிட்டால் ஆற்றின் கொள்திறன் சுருங்கி, ஊரெல்லாம் மூழ்கும். குறுக்குவெட்டுகளைத் தனியாக எடுத்துப் படுகையைச் செதுக்காமல் மாதிரியைத் தொடங்கக் கூடாது.

கொள்ளளவுக் கணக்கில் பயப்பட வேண்டியது சிதறலுக்கு இல்லை, ஒரே பக்கம் சாய்ந்த பிழைக்கு. அங்கொன்று கூடவும் இங்கொன்று குறையவும் வரும் பிழைகள் பெரும் பரப்பில் ஒன்றையொன்று தின்றுவிடும். மொத்தமாக 10 செ.மீ. ஏறியிருந்தால் 100 ஹெக்டேர் ஏரியில் 1,00,000 கன மீட்டர் காணாமல் போகும். வண்டல் மதிப்பீட்டில் இது இன்னும் கூர்மையாகக் கடிக்கும். ஒவ்வொன்றும் 10 செ.மீ. பிழையுள்ள இரண்டு அளவைகளைக் கழித்தால், தனிப்பட்ட ஒரு கட்டத்தில் 28 செ.மீ.க்குக் குறைவான மாற்றத்தை 95 விழுக்காடு உறுதியோடு வண்டல் என்று சொல்ல முடியாது. முதலில் கலிங்கின் காங்கிரீட் தளம், பாறை, பழைய சாலை போன்ற மாறாத இடங்களில் இரண்டு அளவைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, தள்ளியிருந்தால் ஒன்றை நகர்த்த வேண்டும். எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் பழைய கொள்ளளவு வளைகோடு சில குறுக்குக் கோடுகளில் மட்டும் எடுத்ததாக இருந்தால், வித்தியாசத்தில் எவ்வளவு வண்டல், எவ்வளவு அளவை முறையின் மாற்றம் என்று பிரிப்பது பெரும்பாடு.

மட்டத்தின் பூச்சியம் எது என்ற கேள்வியும் இதே இனம். விமானத்தின் ஜி.என்.எஸ்.எஸ். (செயற்கைக்கோள் வழி இடங்காட்டி) தருவது, பூமிக்குப் பதிலாகக் கொள்ளும் கணித வடிவமான நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். தண்ணீர் ஓடுவது ஜியாய்டைப் பொறுத்து, அதாவது புவியீர்ப்பு தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டப் பரப்பைப் பொறுத்து. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியில் 100 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும். படாமல் போவது சிறிய தவறு: அணையின் நீர்மட்ட அளவுகோல் பல ஆண்டுகளுக்கு முன் வைத்த உள்ளூர் பெஞ்ச்மார்க்கிலும் (உயரம் குறித்த நிலையான புள்ளி), லைடார் புதிய ஜியாய்டு மாதிரியிலும் இருப்பது. மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலை எடுத்துக்கொண்டு அளவுகோலின் பூச்சியத்தையும் கலிங்கின் உச்சியையும் கட்டுப்பாட்டுப் புள்ளியோடு இணைக்காமல் எந்தக் கொள்ளளவு அட்டவணையும் வெளியே போகக் கூடாது.

5000-க்கு 1 சரிவுள்ள கால்வாயில் ஒரு கிலோமீட்டருக்கு 20 செ.மீ.தான் இறக்கம். 10 செ.மீ. பிழையுள்ள தரவில் 500 மீ. துண்டின் சரிவைப் படிக்க முயன்றால் தண்ணீர் மேட்டை நோக்கிப் போவதாகக்கூட வரும். பல கிலோமீட்டருக்குச் சேர்த்துப் பார்த்தால் சரிவு நம்பத்தக்கதாகும். ஆனால் தண்ணீர் திறந்துவிடும் மடை ஒவ்வொன்றின் மட்டமும் வேண்டுமென்றால் லெவல் எடுப்பதுதான் வழி.

லைடார் சந்தேகமின்றி வென்ற இடம் பனி. கலிபோர்னியாவின் டுவாலமி படுகையில் 2013 முதல் நாசாவின் வான்வழிப் பனி ஆய்வகம், பனியில்லாக் காலத் தரையைப் பனிக்காலப் பரப்பிலிருந்து கழித்துப் பனியின் ஆழத்தை எடுத்தது. ஆழத்தை அடர்த்தியால் பெருக்கினால் உருகி வரப்போகும் தண்ணீர். அங்கேயும் மிச்சமுள்ள நிச்சயமின்மையில் பெரும்பங்கு அடர்த்தியிலிருந்து வருகிறது. அதை லேசர் அளப்பதில்லை.

ஒப்பந்தக் குறிப்பு எழுதுகிறவர்கள் சோதனைப் புள்ளிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அவற்றில் ஒரு பகுதி கரை உச்சியிலும் வாய்க்கால் அடியிலும் இருக்க வேண்டும், அவற்றின் பிழையைச் சாலைப் புள்ளிகளோடு கலக்காமல் தனியாகக் காட்ட வேண்டும் என்று எழுதலாம். நிலவரை மட்டும் வாங்காமல் வகைப்படுத்திய புள்ளிக்கூட்டம் உள்ள லாஸ் கோப்புகள், பறப்புப் பாதை, ஒவ்வொரு பட்டையும் பறந்த நாள், நேரம், அன்றைய நீர்மட்டம், பிரேக்லைன்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். வடிகட்டி நறுக்கிய கரையைப் புள்ளிக்கூட்டம் கையில் இருந்தால் அலுவலகத்திலேயே ஒட்டவைக்கலாம். இல்லையென்றால் முழுக் கரையிலும் மட்டம் பார்க்கும் ஸ்டாஃப் கோலைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.