மூன்று பென்ஸ் வரியும் ஒரு புரட்சியும்

1773 டிசம்பர் 16 இரவு, அப்போது பிரிட்டனின் காலனியாக இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில், காலனியர்கள் கடலில் கொட்டிய தேயிலைக்கு ராத்தலுக்கு (சுமார் அரைக் கிலோ) 3 பென்ஸ் வரி. அந்த வரியைச் சேர்த்தாலும், அதுவரை சட்டப்படி வந்திறங்கிய தேயிலையைவிட அது மலிவு. மலிவாக வந்த சரக்கை ஏன் கடலில் கொட்டினார்கள்? பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் அமெரிக்கக் காலனியர்கள் கட்டியது சொற்பம். ஆகவே “வரிச்சுமை தாங்காமல் பொங்கினார்கள்” என்ற விளக்கம் போதாது. வரியை யார் விதிக்கிறார், அந்தப் பணம் எதற்குப் போகிறது, கட்ட மறுத்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 13 கோடி பவுண்டைத் தொட்டிருந்தது. போருக்கு முன் அது சுமார் ஏழரைக் கோடி. போதாததற்கு, அமெரிக்காவில் சுமார் 10,000 படையினரை நிறுத்திவைக்க லண்டன் முடிவுசெய்தது. அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது காலனிகள் ஏற்க வேண்டும் என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில்.

அவருடைய முதல் அடி 1764-ன் சர்க்கரைச் சட்டம். வேடிக்கை என்னவென்றால், அது வரியைப் பாதியாகக் குறைத்த சட்டம். ரம் காய்ச்சப் பயன்படும் மொலாசஸுக்கு 1733 முதல் ஒரு கேலன் அளவுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. சுங்க அதிகாரியின் கையில் சிறு தொகையை வைத்தால் சரக்கு இறங்கிவிடும் என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. புதிய வரி 3 பென்ஸ்தான், ஆனால் இம்முறை வசூலிப்பதில் உறுதியாக இருந்தார்கள். சரக்கைப் பறிமுதல் செய்தால் வழக்கு ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே, தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் பொறுப்பு சரக்குக்கு உரிமை கோருபவருடையது. ஜூரி விசாரணையைப் பிறப்புரிமையாக நினைத்தவர்களுக்கு அந்த 3 பென்ஸைவிட இதுதான் உறுத்தியது.

அடுத்து வந்தது முத்திரைச் சட்டம். 1765 மார்ச் 22-ல் நிறைவேறி, நவம்பர் 1 முதல் அமலுக்கு வர வேண்டியது. நம் பத்திரப்பதிவில் புழங்கும் முத்திரைத்தாளுக்கு உறவுதான் இதுவும். செய்தித்தாள், நிலப் பத்திரம், உயில், கப்பல் அனுமதிச் சீட்டு எல்லாம் முத்திரை பதித்த தாளில்தான் இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், செய்தித்தாளில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். அதுவும் பிரிட்டிஷ் நாணய மதிப்பில். காலனிகள் சொந்தமாகக் காகிதப் பணம் அச்சிடுவதை அதற்கு முந்தைய ஆண்டுதான் கட்டுப்படுத்தியிருந்தார்கள். அச்சகத்தார், வக்கீல்கள், வணிகர்கள், மதுக்கடைக்காரர்கள் என்று ஊரில் நாலு பேரிடம் பேசக்கூடிய அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் சீண்டிவிட்டது லண்டன்.

இந்தச் சட்டத்தில் ஒரு பலவீனமான கண்ணி இருந்தது. முத்திரைத்தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும். அதை வாங்கி விற்பனைக்கு விட, காலனிக்கு ஒரு விநியோகஸ்தர் இருப்பார். அவர் விலகிவிட்டால் தாள் இல்லை, தாள் இல்லையென்றால் வரி இல்லை. ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஒரு பெரிய எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள். சில நாட்களில் ஆலிவர் விலகினார். மற்ற காலனிகளிலும் அதுவே நடந்தது. நவம்பர் 1 வந்தபோது தாளை விற்க ஆளில்லை. ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்சம் விற்றது. மற்ற இடங்களில் சிறிது காலத் தயக்கத்துக்குப் பின், “முத்திரைத்தாள் கிடைக்கவில்லை” என்று எழுதிக் கொடுத்தே சுங்க அதிகாரிகள் கப்பல்களை அனுப்பினார்கள்.

கை மீறிய நாளும் உண்டு. ஆகஸ்ட் 26 இரவு துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டை ஒரு கும்பல் சூறையாடியது. அவரோ இந்தச் சட்டம் தவறு என்று அதற்கு முன்பே லண்டனுக்கு வாதாடியவர். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களே இதில் அதிர்ந்துபோனார்கள். தெருவில் இறங்கிய கூட்டத்தை யாராலும் அளந்து செலவழிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்ற இறக்குமதி மறுப்பு ஆயுதம் முன்னுக்கு வந்ததில் இந்தப் படிப்பினைக்கும் பங்கு உண்டு.

அக்டோபரில் 9 காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். அவர்கள் நாடாளுமன்றத்தில் இடம் கேட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர்களுடைய தீர்மானத்தைப் படித்தால் நேர்மாறாக இருக்கிறது: தொலைவும் சூழலும் காரணமாகத் தங்களுக்கு அங்கே பிரதிநிதித்துவம் சாத்தியமே இல்லை, ஆகவே வரி விதிக்கும் உரிமை தங்கள் சட்டமன்றங்களுக்கே என்றார்கள். மான்செஸ்டருக்கும்தான் உறுப்பினர் இல்லை, ஆனாலும் நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொதுவானது என்ற லண்டனின் வாதம் அவர்களிடம் எடுபடவில்லை.

வியாபாரம் படுத்ததால் பிரிட்டிஷ் வணிகர்களே நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். 1766 மார்ச் 18-ல் சட்டம் ரத்தானது. அதே நாளில், எல்லா விஷயங்களிலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டமும் வந்தது. என் பார்வையில் சமரசத்துக்கான வாசல் அன்றே பாதி சாத்தப்பட்டுவிட்டது.

1767-ல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி போட்டார். எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு 40,000 பவுண்டுதான். வருமானத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தரலாம் என்ற பிரிவுதான் விஷம். அதுவரை பல காலனிகளில் ஆளுநரின் சம்பளத்துக்குச் சட்டமன்றம்தான் பணம் ஒதுக்கியது. ஆளுநரை வழிக்குக் கொண்டுவர அவர்கள் கையிலிருந்த பெரிய கடிவாளம் அது.

மீண்டும் இறக்குமதி மறுப்பு. வணிகர்கள் கையெழுத்திடுவார்கள். ஆய்வுக்குழு கப்பல் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும். மீறியவர் பெயர் செய்தித்தாளில் வரும். பெண்கள் ராட்டை சுற்றி வீட்டிலேயே துணிக்கு நூல் நூற்றார்கள். இதன் ஓட்டையும் சீக்கிரம் தெரிந்தது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி விதிவிலக்கு. பக்கத்துத் துறைமுகத்தில் சரக்கு இறங்குகிறது என்ற வதந்தி போதும், இங்கே உறுதி தளரும். 1770-ல் தேயிலை வரி தவிர மற்றவை நீங்கியதும் ஜூலையில் நியூயார்க் விலகியது, அக்டோபருக்குள் பாஸ்டனும் விட்டுக்கொடுத்தது. தேயிலை வரியை நீக்குவதா வைத்திருப்பதா என்பதை பிரிட்டிஷ் அமைச்சரவை 5-க்கு 4 என்ற கணக்கில்தான் முடிவுசெய்தது. ஒரே ஒரு வாக்கு.

இந்த இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நுழைகிறது. 1769-ல் மைசூரின் ஹைதர் அலி கர்னாடிக் பகுதிக்குள் (ஆற்காட்டு நவாபின் சீமை) புகுந்த செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. வங்காளப் பஞ்சமும் 1772-ன் கடன் நெருக்கடியும் சேர்ந்துகொண்டன. கிடங்குகளில் 1.7 கோடி ராத்தலுக்கு மேல் தேயிலை தேங்கிக் கிடந்தது. (எல்லாம் சீனத் தேயிலை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.) 1773-ன் தேயிலைச் சட்டம் கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்க வழிசெய்தது. 3 பென்ஸை மட்டும் எடுத்துவிடலாமே என்ற யோசனையைப் பிரதமர் நார்த் பிரபு ஏற்கவில்லை. மலிவுத் தேயிலையை மக்கள் வாங்கிக் குடித்தால் வரி விதிக்கும் உரிமையையும் விழுங்கியதாகிவிடும் என்று காலனிகளில் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

தேயிலை ஏற்றிய டார்ட்மத் கப்பல் நவம்பர் 28-ல் பாஸ்டன் வந்தது. இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். கெடு டிசம்பர் 17. அதற்குள் திருப்பி அனுப்ப ஆளுநரின் அனுமதிச் சீட்டு வேண்டும். அப்போது ஆளுநர், வீட்டைப் பறிகொடுத்த அதே ஹட்சின்சன். அவர் மறுத்தார். அவருடைய மகன்கள் இருவர் அந்தத் தேயிலையின் முகவர்கள். 16-ம் தேதி மாலை அந்தச் செய்தி வந்த பிறகு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள், சுமார் 92,000 ராத்தல் தேயிலை, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கடலுக்குப் போனது. கடல் வற்றியிருந்ததால் தேயிலை குவியலாக நின்றது, தள்ளிவிட வேண்டியிருந்தது.

லண்டன் 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் காலனியின் சாசனத்தையே திருத்தி, ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான் என்றது. இதில் வரியே இல்லை, ஆனால் மற்ற காலனிகளை பாஸ்டன் பக்கம் சேர்த்தது இதுதான்.

செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 காலனிகள் கூடின. பழைய ஓட்டைகளை அடைத்து ஒரே ஒப்பந்தம் எழுதினார்கள். 1774 டிசம்பர் 1 முதல் இறக்குமதி இல்லை. அதன்பின் பிப்ரவரி 1-க்குள் வரும் சரக்கை உரிமையாளர் திருப்பி அனுப்பலாம், குழுவிடம் ஒப்படைத்துக் கிடங்கில் வைக்கலாம், அல்லது குழு விற்று முதலீட்டுப் பணத்தைத் தந்துவிட்டு லாபத்தைப் பாஸ்டனின் ஏழைகளுக்கு அனுப்பும். பிப்ரவரி 1-க்குப் பின் வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிவிட வேண்டும். விலையேற்றம் கூடாது. குதிரைப் பந்தயமும் சேவல் சண்டையும்கூடக் கூடாது. இதைக் கண்காணிக்க ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்றது) நகரத்திலும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு.

கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வந்த இந்தக் குழுக்கள்தான் பல இடங்களில் வெடிமருந்து சேர்க்கவும், ஊர்ப்படைக்கு ஆள் எடுக்கவும் முன்நின்றன. 1775 ஏப்ரல் 19-ல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடித்தபோது, கலைக்கவே முடியாத ஓர் அரசாங்கம் ஊர் ஊராக இயங்கிக்கொண்டிருந்தது. அந்த ஜூனில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் தலைநகரை விட்டு வெளியேறி ஒரு போர்க்கப்பலில் தஞ்சமடைந்தார்.

கம்பெனியின் தேயிலை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலும் இறங்கியிருந்தது. வரி கட்டப்படாததால் சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்து, எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் நிலவறையில் பூட்டிவைத்தது. 1776-ல் அதை எடுத்து விற்று, வந்த பணத்தைப் புரட்சிச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள்.