கண்டறியப்படவில்லை

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் மாணவர்களிடம் தடய அறிவியலைப் பற்றியும் அதில் உள்ள வேலைகளைப் பற்றியும் பேசினேன். 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தின் வரலாறு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி இளநிலை அறிவியல் அலுவலராகச் சேரும் வழி ஆகியவற்றைச் சொன்னேன். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்று 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வதால், ஆட்களின் தேவை பெருகும் என்றும் சொன்னேன். இறுதியில் ஒரு மாணவி, இந்த வேலைக்கு எந்தக் குணம் முக்கியம் என்று கேட்டார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதும் கட்டுப்பாடு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், நான் வேலை பார்க்கும் தடய அறிவியல் ஆய்வகத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்த அவர், குற்ற எண் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டினார். எந்த வழக்கையும் எண்ணாக மட்டுமே அறிந்த எனக்கு, அது யாருடைய குப்பி என்பது உடனே தெரிந்துவிட்டது. அவருடைய மகளின் இரைப்பையும் கல்லீரலும் சிறுநீரகமும் உப்புக் கரைசலில் வந்திருந்தன. மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது, அரக்கு முத்திரை சரியாக இருந்தது. காவல் நிலையக் கடிதத்தில் எந்த நஞ்சு என்ற சந்தேகம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. பூச்சிமருந்து, உலோக நஞ்சு, ஆல்கலாய்டு என்று வழக்கமான வரிசையில் பார்த்துவிட்டு, 'நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று கையெழுத்திட்டு முந்தைய வாரம்தான் அனுப்பியிருந்தேன்.

"ஐயா, ஒடுவந்தழைக்குப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் பின்பற்றிய வரிசையில் அந்தத் தழையின் நஞ்சு அகப்படாது. அதற்கென்று தனியே தேட வேண்டும். அவரிடம் நான் சொன்னது வேறு: "ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க பெரியவரே, அவங்க கேட்டா நாங்க பார்ப்போம்."

"கேட்டாத்தான் பாப்பீங்களா?"

நான் செய்தது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. வழக்கோடு தொடர்புடைய ஒருவர் வாசலில் நின்று சொல்வதைக் கேட்டு ஆய்வைத் திருப்பினால், நாளை எதிர்த்தரப்பு உறவினர் சொல்வதையும் கேட்க வேண்டியிருக்கும். அறிக்கைக்கு நீதிமன்றத்தில் இருக்கும் மதிப்பே அந்த விலகலால் வருவது. ஆனாலும், வட மாவட்டங்களில் ஒடுவந்தழையை அரைத்துக் குடித்து உயிர்விடும் பெண்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு சொல்லைத்தான் அவர் நடந்து வந்து சொன்னார். 'கண்டறியப்படவில்லை' என்று நான் எழுதுவது ஊரில் 'விஷமே இல்லை' என்றுதான் படிக்கப்படும் என்பதும் தெரியும். மிச்ச மாதிரி அப்போதும் எங்கள் அறையில்தான் இருந்தது. மேலதிகாரியிடம் சொல்லி, விசாரணை அதிகாரிக்கு நானே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அது எந்த விதிக்கும் முரணானதல்ல. காவல் நிலையத்திலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இப்போதெல்லாம் எந்தெந்த நஞ்சு வகைகளுக்குச் சோதித்தேன் என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுகிறேன். அது போதுமா என்று தெரியவில்லை. தழை இருந்ததா இல்லையா என்பதும் இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அந்த மாணவி என் பதிலைக் குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடிட்டுக்கொண்டார். அதைத் திருத்தச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நன்றியுரை தொடங்கிவிட்டது.