வன்னி வெயிலுக்கு ஏற்ற தொடுதிரைக் கைபேசி

புதிய கைபேசி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் கமரா எத்தனை மெகாபிக்சல் என்பதாகவே இருக்கிறது. விசுவமடுவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கிறவர்களுக்கு அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரவேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. இங்கே கைபேசி நாளின் பெரும்பகுதியை வெயிலிலும் கிரவல் புழுதியிலும் ஈரக்கையிலும் கழிக்கிறது. ஆகவே முதலில் சோதிக்கவேண்டியது திரையைத்தான்.

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கடைக்குள் நின்று பார்த்தால் எல்லாத் திரையும் பளிச்சென்றே தெரியும். கடைக்காரரிடம் சொல்லிப் போனை வாசலுக்குக் கொண்டுவந்து, ஒளிர்வை முழுவதுமாகக் கூட்டி, நடுப்பகல் வெயிலில் ஒரு குறுஞ்செய்தியை வாசித்துப் பாருங்கள். திரையின் ஒளியை 'நிட்ஸ்' என்ற அலகால் குறிப்பிடுகிறார்கள். விலை குறைந்த எல்சிடி திரைகள் பல 400, 500 நிட்ஸ் அளவோடு நின்றுவிடுவதால், வயல் வரம்பில் நிற்கும்போது அழைப்பது யாரென்று பார்ப்பதற்கே கையால் மறைப்புக் கட்டவேண்டியிருக்கிறது. வெயில் பட்டதும் தானாக ஒளிர்வைக் கூட்டும் அமோலெட் திரைகள் பல இதில் வெகுவாக முன்னிற்கின்றன. ஆயினும் விளம்பரத்தில் இருக்கும் உச்ச அளவு திரையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடும் என்பதால், அந்த எண்ணைவிட வாசலில் நின்று பார்த்த கண்ணையே நான் நம்புவேன்.

அடுத்தது விரல். இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும் இடத்தில் மின்கொள்ளளவு சிறிதளவு மாறுகிறது, அந்த மாற்றத்தையே போன் தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. நீரும் இந்த மாற்றத்தை உண்டாக்குவதால், மழைத்தூறல் பட்ட திரையில் நாம் கேளாதவையெல்லாம் திறந்துகொள்கின்றன. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்நுனியையோ, தோல் தடித்து உலர்ந்திருப்பதால், அதே திரை பலமுறை தொட்டாலும் அறியாமல் விட்டுவிடுகிறது. என் தந்தையார் நெடுங்காலம் தொடுதிரையை ஒதுக்கிவிட்டுப் பட்டன் போனையே வைத்திருந்ததற்கு முதுமையோ விருப்பமின்மையோ காரணமன்று. அந்தத் தோல்தான் காரணம். வயதானவர்களைப் பார்த்து "உங்களுக்கு இது விளங்காது" என்று சொல்லும் பிள்ளைகள் இதை அறிந்திருக்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

தந்தையாருக்கு வாங்கிய போனில் கடையில் ஒட்டிக்கொடுத்த தடித்த டெம்பர் கிளாஸைக் கழற்றி மெல்லியதொன்றை ஒட்டினோம். சில மாதிரிகளில் தொடு உணர்திறனைக் கூட்டும் தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கிறது; அதையும் போட்டுவிட்டோம். இப்போது அவர் காய்ப்பில்லாத இடமாகப் பார்த்து, பெருவிரலின் பக்கவாட்டால் அழைப்பை எடுக்கும் பச்சை வட்டத்தை மெதுவாக இழுக்கிறார். "பிள்ளை, இப்ப உது சொல்வழி கேக்குது" என்றார். தட்டெழுதுவதற்குப் பதிலாக ஒலிவாங்கிப் பொத்தானைத் தொட்டுப் பேசவும் பழகிவிட்டார். கூகுள் 2017 இல் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதில் இலங்கைத் தமிழுக்கும் தனித்தெரிவு இருக்கிறது. "நாளைக்கு வாய்க்காலில் தண்ணி விடுவினமோ" என்று அவர் கேட்கும்போது 'தண்ணி' வரைக்கும் ஒழுங்காக எழுதும் போன், 'விடுவினமோ' என்ற இடத்தில் தடுமாறிவிடுகிறது. பெறுகிறவர்களும் நம் ஊரவர்கள் ஆதலால் பொருள் விளங்கிக்கொள்கிறார்கள்.

பற்றரி 5000 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. லிதியம் அயன் பற்றரியை விரைவில் தேயச்செய்வது வெப்பம். சூழல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும் என்று அப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. முழுதாக மின்னேற்றிய போனை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டுப் போவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# என்று அழுத்திப் போனின் அடையாளமான 15 இலக்க எண்ணைப் பெற்று, ஐ.எம்.ஈ.ஐ. (IMEI) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளுக்குப்பின் ஓர் இடைவெளி விட்டு அதனை எழுதி, 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்பது தெரியவரும். பாதுகாப்பு இற்றைப்படுத்தல் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். 2024 இல் வந்த சம்சுங் கலக்ஸி ஏ16 போன்ற நடுத்தர விலை மாதிரிக்கே ஆறு ஆண்டு உறுதியளித்திருக்கிறார்கள். வங்கிச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது கமராவைவிட முக்கியம்.

கடைசியாக, பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் ஊரில் போன் திருத்துகிறவரிடம் ஒரு தடவை போய்வாருங்கள். சீமெந்துத் தரையில் ஒருநாள் போன் விழத்தான் செய்யும். அந்த மாதிரியின் திரை தன்னிடம் இருக்கிறதா, மாற்ற எவ்வளவு செலவாகும் என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார். கொழும்பிலிருந்து எடுப்பித்தால்தான் உண்டு என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்தப் போனை வாங்கமாட்டேன்.