ஹவ்காங் வீட்டை விற்றோம்: இன விகிதமும் நிரந்தரவாசி வரம்பும்

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை விற்க நினைக்கும் இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. விலையைப் பற்றி யோசிக்கும் முன், வீவக இணையத்தளத்தில் உங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண்ணைக் கொடுத்து, எந்த இனத்தவருக்கு விற்கலாம் என்று பாருங்கள். நாங்கள் ஹவ்காங்கில் இருந்த நாலறை வீட்டை விற்றபோது, அந்தத் திரையில் வந்த இரண்டு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மலாய்க்காரர்களுக்கு விற்கலாம். இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு விற்கலாம். சீனர் பெயர் அதில் இல்லை.

எங்கள் முகவர் ஒரு தமிழ் அக்கா. போனிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, உங்க புளோக்குல சீனர் எல்லை முட்டிடுச்சு. வீடு பார்க்கக் கேக்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேரை நான் போன்லயே வேண்டாம்னு சொல்லணும். விலை கொஞ்சம் முன்னபின்ன ஆகும், மனசைத் தேத்திக்குங்க."

இந்த எல்லையை வகுத்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், தமிழர். சில பேட்டைகளில் (குடியிருப்பு வட்டாரங்களில்) ஒரே இனத்தவர் குவியத் தொடங்கியிருந்தார்கள். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறைக்கு அது அச்சம் தந்தது. அதனால் ஒவ்வொரு புளோக்குக்கும் பேட்டைக்கும் வரம்பு வகுத்தார்கள். இப்போது ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 வரை இருக்கலாம். பேட்டை அளவில் முறையே 84, 22, 12. சீனர் எல்லை நிரம்பிய புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. நானோ என் மலாய் அண்டைவீட்டாரோ சீனருக்கு விற்றால் எண்ணிக்கை கூடும், அதனால் முடியாது. நாட்டில் வசிப்போரில் ஏறக்குறைய 74 விழுக்காட்டினர் சீனர். ஆக, சந்தையின் பெரும்பகுதி எங்களுக்கு மூடியிருந்தது.

இந்தக் கொள்கையின் நோக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் பிள்ளைகள் ஒரே மாடியில் மலாய்க் குடும்பத்தோடும் சீனக் குடும்பத்தோடும் வளர்ந்தார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ரெண்டாங்கும் தீபாவளிக்கு எங்கள் முறுக்கும் கைமாறாத வருடம் கிடையாது. வேலை அனுமதியில் புதிதாக வந்த காலத்தில், வாடகை அறை கேட்டு போன் செய்தால் "இந்தியரா? சாரி" என்று வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் விருப்பத்துக்கே விட்டிருந்தால் பேட்டைகள் எப்படிப் பிரிந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வீடு பார்க்க முதலில் வந்தவர் நான்காம் மாடி சீன ஆன்ட்டி. அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெற்றோருக்குப் பக்கத்திலேயே வீடு தேடிக்கொண்டிருந்தார். அடுப்படி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழே அவர் வீட்டு மூங்கில் கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "இங்கிருந்தே கூப்பிட்டால் மகன் சாப்பிட வந்துவிடுவான்" என்று சிரித்தார். நான் போனில் அந்தத் திரையைக் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாங்க அவர்களுக்கு மனமிருந்தது, கொடுக்க எங்களுக்கும் மனமிருந்தது.

பிறகு கோயம்புத்தூர்த் தம்பதி வந்தார்கள். இருவரும் நிரந்தரவாசிகள், கையில் ஒரு குழந்தை. இந்தியர்கள், ஆகவே இனக் கணக்கில் தடையில்லை. விலையும் படிந்துவிட்டது. ஆனால் 2010 முதல் இன்னொரு வரம்பும் இருக்கிறது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்கள் பேட்டையில் 5 விழுக்காட்டையும் புளோக்கில் 8 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. எங்கள் புளோக்கில் அதுவும் நிரம்பியிருந்தது. இதே வீட்டை வாங்கும்போது நாங்களும் நிரந்தரவாசிகள்தான். குடியுரிமை வாங்கி, பையனைத் தேசிய சேவைக்கு அனுப்பிவிட்டு விற்க வந்தால், எங்களைப் போலவே வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க முடியவில்லை.

இன வரம்பையும் குடியேற்ற வரம்பையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். சேர்ந்து விழும்போது சுமை ஒரு பக்கமாகச் சாய்கிறது. வீடு தேடும் இந்தியர்களில் என்னைப் போல ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசியானவர்கள் நிறையப் பேர். அவர்களையும் கழித்துவிட்டால், சீனர் எல்லை நிரம்பிய புளோக்கில் இருக்கும் இந்தியருக்கு மிஞ்சுவது ஒரு சிறு வட்டம். நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் விற்றாலும் இதே கதிதான். குடியேற்றத்திலும் இன விகிதம் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வதாக அரசாங்கம் வெளிப்படையாகவே சொல்லிவருகிறது. தேர்தலில் பலர் ஓர் அணியாகச் சேர்ந்து போட்டியிடும், 1988-இல் வந்த குழுத்தொகுதி முறையும் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவர் வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாட்டால் நாடாளுமன்றத்தில் எங்கள் குரலுக்கு இடம் கிடைக்கிறது. வீட்டு விஷயத்தில் மட்டும் ஒற்றுமைக்கான செலவு சிறுபான்மைக் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து போகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். இணையத்தளத்தில் உள்ள வரம்பு நிலவரம் மாதத்தின் முதல் தேதியில் புதுப்பிக்கப்படும். ஒன்றாம் தேதி காலையில் பார்த்து, திரையைப் படமெடுத்து வையுங்கள். வாங்க வருபவரிடம் காட்ட உதவும். விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்தபின் ஏழு நாள் கழித்துத்தான் ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமை தரும் பத்திரம்) கொடுக்க முடியும். ஆப்ஷன் கொடுத்தால் வாங்குபவருக்கு 21 நாள் அவகாசம். அவரிடம் வீவகவின் தகுதிக் கடிதம் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். முக்கியமாக, இந்த வீடு கைமாறும் வரை அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். எங்கள் முகவர் அக்கா அதில் கறாராக நின்றார். அவசரம் இல்லாததால்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப முடிந்தது.

விதிவிலக்குக் கேட்டும் எழுதிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்களுக்கு வழி திறந்தது மலாய் முகவர் ஒருவரோடு அக்கா கைகோத்த பிறகுதான். அவர் மலாய்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்களைப் போட்டார். ஒரு பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும் வந்து பார்த்தார்கள். பெற்றோர் அடுத்த தெருவிலேயே இருப்பதால் அவர்களுக்கு இடம் பிடித்துப்போனது. அதே புளோக்கில், அதே அளவு வீட்டைச் சீனக் குடும்பம் ஒன்று விற்ற விலையைவிட எங்களுக்குக் கிட்டத்தட்ட 30 ஆயிரம் வெள்ளி குறைவு. வீட்டுக்காக மத்திய சேம நிதியில் (ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டிய பிறகு, அந்தக் குறை கையில் நன்றாகவே தெரிந்தது.

நியாயமாக முயன்றும் இந்த வரம்பால் விற்க முடியாதவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல் வந்தது. நல்ல தொடக்கம், மாதக்கணக்கில் விற்க முடியாமல் தவிப்பவர்கள் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். ஆனால் விற்க முடிந்து, விலை குறைந்து போனவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. வரம்பு இருக்கட்டும், அதனால் சிறுபான்மைக் குடும்பம் இழக்கும் தொகையை அரசாங்கம் ஈடுகட்டட்டும் என்று என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். இதே அனுபவம் உள்ளவர்கள் உங்கள் புளோக் நிலவரத்தையும் விற்ற விலையையும் குறித்து, அவரவர் உறுப்பினருக்கு எழுதுங்கள்.