நீல மூடிக் குழாய்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் என் அப்பா. ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 41,000 என்று வந்தது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். ஆபரேஷன் தள்ளிப்போனது. டாக்டர் திருவனந்தபுரத்தில் ரத்தநோய் நிபுணரைப் பார்க்கச் சொன்னார். வீட்டில் பப்பாளி இலைச் சாறு ஆரம்பித்துவிட்டது. வேறொரு லேபில் மறுபடி எடுத்தோம். 36,000.

அப்பா மட்டும் அசரவில்லை. "நேத்தைக்குக் கத்தி பட்டு விரல் கீறிச்சு, உடனே நின்னு போச்சே மக்களே" என்றார். அந்தப் பேச்சுக்கு அன்று நான் காது கொடுத்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரம் போகும் முன் கடைசியாக ஒரு முறை பார்ப்போம் என்று நாகர்கோவிலில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். மதியம் அங்கிருந்து டெக்னாலஜிஸ்ட் அக்கா போன் செய்தார். "ரிப்போர்ட் தரலை. ஐயாவை இன்னொரு தடவை கூட்டிட்டு வர முடியுமா?" எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

போனதும் அவர் மைக்ரோஸ்கோப்பைப் பார்க்கச் சொன்னார். சாயம் ஏற்றிய ஸ்லைடின் ஓரத்தில் ஊதா நிறப் பொட்டுகள் திட்டுத் திட்டாக அப்பிக் கிடந்தன. அத்தனையும் தட்டணுக்கள். மெஷின் பெரும்பாலும் அளவை வைத்துத்தான் எண்ணுகிறது. பத்து இருபது ஒன்றாக ஒட்டிக்கொண்டால் அதைத் தட்டணுக் கணக்கிலேயே சேர்க்காது, சில சமயம் வெள்ளையணு என்றுகூட எண்ணிவிடும்.

அணுக்களை எண்ண வழக்கமாக ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில், அது உறையாமல் இருக்க இடிடிஏ என்ற மருந்து உண்டு. ரத்தம் உறையத் தேவையான சுண்ணாம்புச் சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அபூர்வமாகச் சிலருடைய ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள், அந்த மருந்து கலந்ததும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுமாம். நேரம் ஆக ஆக இன்னும் ஒட்டும். உடம்புக்குள் இது நடப்பதில்லை, குழாயில் மட்டும்தான்.

அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "பால் உறையாம இருக்க அம்மோனியா ஊத்துவோம்லா, அது மாதிரி. ஆனா என் பாலுக்கு அந்த மருந்து ஒத்துக்கலை, சிரட்டையில ஒட்டுப்பால் ஆயிட்டு!" அக்கா சிரித்துவிட்டார்.

இந்த முறை சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாய். குறித்த கோடு வரை சரியாக நிரப்பி, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, உடனே மெஷினில் வைத்தார். 1,90,000. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் சேர்வதால் 1.1 ஆல் பெருக்க வேண்டும்: 2,09,000. விரல் நுனியில் குத்தி நேரடியாகவும் ஒரு ஸ்லைடு எடுத்தார். அதில் தட்டணுக்கள் ஒட்டாமல் தனித்தனியாக, போதுமான அளவு இருந்தன.

வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 41,000க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. சந்தேகம், ஸ்லைடு பாருங்கள் என்று மெஷின் சொல்லியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு வாரமாக நாங்கள் இலை அரைத்ததுதான் மிச்சம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஃபைலின் முதல் பக்கத்தில் டாக்டர் இதைச் சிவப்பில் எழுதிவைத்திருக்கிறார். அப்பா அதைக் காட்டுவதில்லை. சுகர் பார்க்கப் போனாலும், ஊசி குத்தும் முன்பே ஆரம்பித்துவிடுகிறார்: "எனக்கு நீல மூடியாக்கும்."